குரல் கம்மினால் மூன்று வாரம்தான் தவணை

(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு மதரஸா மண்டபத்தில் நடத்திய கூட்டத்தில், நம் ஊரைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



 

நோட்டீஸில் ‘தொண்டை நலம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். புற்றுநோய் என்று போட்டால் கூட்டம் வராது என்று செயலாளர் காக்கா சொன்னார். அவர் சொன்னது சரிதான். அந்தப் பேரைக் கேட்டாலே நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். எப்படியோ வந்துவிட்டீர்கள், அல்ஹம்துலில்லாஹ். நான் பேசப் போவது தொண்டைப் புற்றுநோயைப் பற்றித்தான். தயவுசெய்து யாரும் எழுந்து போக வேண்டாம். பயமுறுத்த வரவில்லை. இதில் நல்ல செய்தி இருக்கிறது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்வதில் இது ஒன்று நினைவில் நின்றால் போதும்.

என் பெரியவாப்பாவின் சிலேட்டு

என் பெரியவாப்பாவை இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். சந்தை சந்தையாகப் போய் ஜவுளி விற்றவர். கடையில் உட்கார்ந்து விற்கவில்லை, கூவித்தான் விற்றார். பெருநாள் சந்தையில் அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். பீடி குடிப்பார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

ஒரு ரமலானில் அவர் குரல் கம்மியது. நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. லீவுக்கு வந்திருந்தேன். நோன்பு திறக்கும் நேரத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கரகரப்பைத் தினமும் கேட்டேன். தொண்டைக் கட்டு, கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். பெரியம்மா பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டார். மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குரல் தெளியவில்லை. ஊரிலிருந்த டாக்டர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார் பெரியவாப்பா. கல்யாணம் முடிந்தது. சவூதியில் இருக்கிற மகன் லீவில் வரட்டும் என்றார். மகன் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் தொண்டையில் விசில் சத்தம் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சைக் காப்பாற்ற முடிந்தது. பிறகு குரல்வளை முழுவதையும் எடுத்தார்கள். அந்த அறுவை சிகிச்சையால் நாலு வருடம் எங்களோடு இருந்தார். அதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாலு வருடமும் சிலேட்டில் எழுதித்தான் பேசினார். பெருநாள் தொழுகையில் எல்லோரும் தக்பீர் சொல்லும்போது அவர் உதடு மட்டும் அசையும்.

ஒருநாள் அவரிடம், “ஏன் பெரியவாப்பா முதலிலேயே போகவில்லை?” என்று கேட்டேன். சிலேட்டை வாங்கி எழுதினார். “போனா குரல எடுத்துருவாங்கன்னு பயந்தேன்.”

குரல் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் போகவில்லை. போகாததால்தான் குரல் போனது. நான் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தச் சிலேட்டும் ஒரு காரணம். அந்த நோன்பு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்து, ஒரு வார்த்தை சொல்லாத என் மடமை இன்னொரு காரணம்.

குரல் எப்படி வருகிறது?

கழுத்தின் முன்புறம் கையை வைத்து ‘ம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதிர்கிற அந்த இடம்தான் குரல்வளை. அதற்குள்ளே மூச்சுப் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்கிறோம். பெரிய ஆளுக்கே அதன் நீளம் ஓர் அங்குலத்துக்குள்தான். மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேசும்போது ஒன்றோடொன்று சேர்ந்து அதிரும். ஆணுக்கு விநாடிக்கு 100 தடவைக்கு மேல், பெண்ணுக்கு 200 தடவை அளவில் அதிர்கிறது. சூரா பாத்திஹாவை ஒருமுறை ஓதி முடிப்பதற்குள் எத்தனை ஆயிரம் அதிர்வு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாணின் மேலே மெல்லிய தோல். அதற்குக் கீழே இளநீர் வழுக்கை போல மெத்தென்ற ஒரு படலம். அதற்கும் கீழே தசை. மேல்தோல் அந்த வழுக்கையின் மீது அலை அலையாக வழுக்கி ஓடுவதால்தான் குரல் இனிமையாக வருகிறது. இதை நினைவில் வையுங்கள். சிகிச்சையின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

புற்றுநோய் முதலில் மேல்தோலில் ஆரம்பிக்கிறது. நாணின் மேல் கடுகளவு தடிப்பு வந்தாலும் இரண்டு நாணும் சரியாகச் சேராது. காற்று கசியும், குரல் கம்மும். வயிற்றிலோ நுரையீரலிலோ நோய் வந்தால் பெரிதாகும் வரை தெரியாமல் இருக்கலாம். குரல் நாணில் வந்தால் ஆரம்பத்திலேயே மணி அடித்துவிடும். இன்னொரு ரஹ்மத்தும் இருக்கிறது. குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே தொடங்கும் நோய் கழுத்துக் கட்டிகளுக்குச் சீக்கிரம் பரவுவதில்லை. நோய் தானே வந்து சொல்கிறது, கொஞ்சம் அவகாசமும் தருகிறது. நாம்தான் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

குரல் நாணுக்கு மேலேயும் கீழேயும் உள்ள இடங்களில் வரும் புற்றுநோய் இப்படி முன்கூட்டிச் சொல்லாது. விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதுக்குள் வலி, கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், மூச்சில் சத்தம் என்று வரலாம். இவற்றில் எது வந்தாலும் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே காட்டுங்கள்.

குரல் கம்மியவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சளி, இருமல், கத்திப் பேசியது, வயிற்றுப் புளிப்பு மேலேறுவது ஆகியவைதான் காரணமாக இருக்கும். மதரஸா உஸ்தாதுகளுக்கும் பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கும் நாணில் காய்ப்பு விழும். தைராய்டாக இருக்கலாம். நம் நாட்டில் டி.பி.கூடக் குரல்வளையில் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. எது என்று பார்த்தால்தானே தெரியும்?

பார்ப்பது பெரிய காரியமில்லை. 1854ஆம் ஆண்டில் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலை அதில் பாய்ச்சி, தன் குரல் நாணைத் தானே பார்த்தார். இன்று எங்களிடம் கேமரா இருக்கிறது. வாய் வழியாகவோ, மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டோ ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மரத்துப் போக ஸ்ப்ரே அடிப்போம். மயக்க மருந்து தேவையில்லை. சகோதரிகளுக்குச் சொல்கிறேன், முகத்திரையை விலக்கினால் போதும், வேறு உடையைத் தளர்த்த வேண்டியதில்லை. கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பெண் மருத்துவரும் பல ஊர்களில் இருக்கிறார்கள். வெட்கத்தால் யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

அரசருக்கும் நேர்ந்தது

பணமும் பெரிய வைத்தியர்களும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1887 தொடக்கத்தில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக் குரல் கம்மியது. குரல் நாணில் ஒரு தடிப்பு. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து, மே மாதம் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். லண்டனிலிருந்து மொரெல் மெக்கென்சி என்ற பிரபல தொண்டை மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு துணுக்கை எடுத்துக் கொடுக்க, அந்தக் காலத்தின் மிகப் பெரிய திசு ஆய்வாளரான விர்ச்சோ பார்த்துவிட்டு, அதில் புற்று இல்லை என்றார். அறுவை சிகிச்சை நின்றது. மாதங்கள் ஓடின. 1888 பிப்ரவரியில் மூச்சு முட்டி, கழுத்தில் துளை போட வேண்டியதாயிற்று. மார்ச்சில் தந்தை இறந்து இவர் பேரரசரானார். பேச முடியாத பேரரசர். துண்டுக் காகிதங்களில் எழுதித்தான் உத்தரவிட்டார். 99 நாள் ஆட்சி. ஜூன் 15ஆம் தேதி இறந்துபோனார்.

அன்று அந்த அறுவை சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது. அதனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. துணுக்கில் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும், குரல் தெளியவில்லை என்றால் விட்டுவிடக் கூடாது. மறுபடி பார்க்க வேண்டும். அரண்மனையில் இருந்தவருக்குக் கிடைக்காத வெளிச்சமும் மைக்ரோஸ்கோப்பும் இன்று நம் ஜில்லா ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

கழுத்தில் கத்தி படாமல்

1873 டிசம்பர் 31ஆம் தேதி, வியன்னாவில் பில்ரோத் என்ற மருத்துவர் புற்றுநோய்க்காக ஒருவரின் குரல்வளையை முழுவதும் எடுத்தார். அப்படி நடந்த முதல் அறுவை சிகிச்சை அது. அதற்குப் பிறகு ஒரு நூறு வருடம், தொண்டைப் புற்று என்றால் குரல்வளையை எடுப்பதுதான் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. என் பெரியவாப்பா பயந்தது அதைத்தான்.

ஆனால் 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜாக்கோ, ஸ்ட்ராங் என்ற இரண்டு மருத்துவர்கள் கார்பன் டை ஆக்சைடு லேசர் கதிரை மைக்ரோஸ்கோப்போடு இணைத்துக் குரல்வளைக்குள் பயன்படுத்தினார்கள். பிறகு ஜெர்மனியில் ஸ்டைனர் என்பவர் அந்த முறையை மேலும் வளர்த்தார். இன்று இந்தியாவிலும் பல இடங்களில் செய்கிறோம்.

எப்படிச் செய்கிறோம்? நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாக ஓர் உலோகக் குழாயை வைத்துக் குரல் நாண் நேராகத் தெரியும்படி செய்வோம். மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்தபடி, கெட்ட பகுதியை மட்டும் லேசரால் வெட்டி எடுப்போம். கழுத்தில் கீறலும் இல்லை, துளையும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். எடுத்த துண்டின் ஓரங்களைப் பரிசோதனைக்கு அனுப்பி, மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொள்வோம்.

முன்னே சொன்ன வழுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் மேல்தோலோடு நின்றால் தோலை மட்டும் உரித்தெடுத்தால் போதும். வழுக்கை தப்பும், குரலும் ஏறக்குறைய பழையபடி வரும். நோய் வழுக்கைக்குள் இறங்கியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும், குரலில் கொஞ்சம் கரகரப்பு நிற்கும். தசைக்குள் போயிருந்தால் இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும், குரலில் காற்று கலந்துவிடும். நீங்கள் வீட்டில் தள்ளிப்போடுகிற நாட்களில் நோய் இப்படித்தான் ஒவ்வொரு படலமாக இறங்குகிறது.

கதிர்வீச்சு, அதாவது நம் மக்கள் கரண்ட் வைப்பது என்று சொல்வது, இன்னொரு நல்ல வழி. வாரத்தில் ஐந்து நாள், சுமார் ஆறு வாரம் போய்வர வேண்டும். ஒரு குரல் நாணோடு நிற்கும் ஆரம்ப நோயில் லேசரோ கதிர்வீச்சோ எதைச் செய்தாலும் 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு நோய் கட்டுப்படுகிறது. லேசர் ஒரே நாளில் முடியும், தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம். கதிர்வீச்சை அதே இடத்தில் மறுபடி கொடுப்பது பெரும்பாலும் முடியாது. ஆனால் வாயை அகலமாகத் திறக்க முடியாதவர்களுக்கும், கழுத்து வளையாதவர்களுக்கும், இரண்டு நாணும் சேரும் முன்முனையில் நோய் உள்ள சிலருக்கும் கதிர்வீச்சே ஏற்றதாக இருக்கலாம். எது யாருக்கு என்பதை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததைத்தான் எனக்கும் செய்ய வேண்டும் என்று கேட்காதீர்கள்.

நோய் கொஞ்சம் முற்றியவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பலருக்குக் குரல்வளையைக் காப்பாற்றலாம் என்று 1991இல் அமெரிக்காவில் 332 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. குரல்வளையை எடுத்தே தீர வேண்டியவர்களுக்கும் இப்போது மூச்சுக் குழாய்க்கும் உணவுக் குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு வைத்துப் பேச வைக்கிறோம். என் பெரியவாப்பா காலத்தில் எங்களுக்கு அது எட்டவில்லை.

ஒரு மோதினாரின் கேள்வி

அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். பள்ளிவாசல் மோதினார் ஒருவர், வயது 54. இளமையில் சிகரெட் பழக்கம். பள்ளிவாசல் வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாகத் தொடவில்லை. விட்டுவிட்டால் வருடத்துக்கு வருடம் ஆபத்து குறையும், ஆனால் ஒரேயடியாகப் போய்விடாது.

சுபுஹு பாங்கில் அவர் குரல் உடைந்தது. தொழ வருகிற ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருநாள் கேட்டார், மறுவாரமும் கேட்டார். நாலாவது வாரம், “நாளைக்கு நான் கூட வருகிறேன், கிளம்புங்கள்” என்று அவரே அழைத்து வந்துவிட்டார். கேமராவில் பார்த்தேன். வலது நாணில் அரை மிளகு அளவுக்கு வெள்ளைத் தடிப்பு. துணுக்கு எடுத்துப் பரிசோதித்தோம். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “டாக்டர் தம்பி, பாங்கு சொல்ல முடியுமா?” என்று கேட்டார். உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. “இப்போது வந்ததால் முடியும் என்று நம்புகிறேன், இன்ஷா அல்லாஹ். பழைய குரல் அப்படியே வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றேன். இரண்டு வழியையும் விளக்கினேன். தினமும் பஸ் ஏறி ஆறு வாரம் போய்வர முடியாது என்று லேசரைத் தேர்ந்தெடுத்தார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாள் பேசக் கூடாது. கிசுகிசுப்பாகவும் பேசக் கூடாது, அதுவும் நாணுக்கு உழைப்புத்தான். “தொழுகையில் என்ன செய்வது?” என்று கேட்டார். அது என் வேலையில்லை, ஹஜ்ரத்திடம் கேளுங்கள் என்றேன். வியாதிக்காரருக்கு மார்க்கம் இலகுவைத் தந்திருக்கிறது என்று ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தை என் மருந்தைவிட அவருக்கு நிம்மதி தந்தது. ஆலிம் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளி உங்களிடம் வந்து கேட்கும்போது, கூடவே சிகிச்சையை விடாதே என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கதிர்வீச்சு எடுப்பவர் நோன்பை என்ன செய்வது என்றும் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நாலு மாதம் அவர் மகன் பாங்கு சொன்னார். இவர் பேச்சுப் பயிற்சிக்குப் போனார். பிறகு ஒரு லுஹருக்கு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இப்போது மூன்று வருடம் ஆகிறது. நோய் திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். குரல் ஒரு கட்டை இறங்கியிருக்கிறது. நீட்டி இழுக்கும் இடத்தில் நடுவே ஒரு மூச்சு எடுக்கிறார். முன்பு இதைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த ஊர் அந்தக் குரலுக்குத்தான் எழுந்து தொழப் போகிறது.

குரல் கொஞ்சம் மாறினால் மதிப்புப் போய்விடுமோ என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1967இல் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சு பழையபடி இல்லை. அந்தப் பேச்சோடுதான் பத்து வருடம் முதலமைச்சராக இருந்தார். தமிழ்நாடு கேட்கவில்லையா?

நம்மைத் தாமதிக்க வைப்பவை

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்பது முதலாவது. தொண்டையில் துணுக்கு எடுப்பதால் நோய் பரவாது. எடுக்காமல் விட்டால்தான் பரவும். இரண்டாவது, ‘ஓதிப் பார்ப்போம், நாட்டு மருந்து பார்ப்போம்’ என்பது. துஆ செய்யுங்கள், தண்ணீர் ஓதிக் குடியுங்கள், பனங்கற்கண்டும் சாப்பிடுங்கள். ஆனால் மூன்று வாரம்தான் தவணை. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, ‘கல்யாணம் முடியட்டும், மகன் வரட்டும், நோன்பு கழியட்டும்.’ இதை எங்கள் வீட்டிலேயே கேட்டவன் நான்.

இனி புகையிலை. இந்த நோயின் தலையாய காரணம் புகைப்பதுதான். பீடி சின்னது, அதனால் தீங்கும் சின்னது என்று நினைக்காதீர்கள். பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த உம்மாமார்கள் இங்கே இருக்கிறீர்கள். என் பெரியம்மாவும் சுற்றியவர்கள்தான். உங்கள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் பற்ற வைக்கிற ஆண்களைத்தான் கேட்கிறேன். புகையோடு மது சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. மது நம் வீடுகளில் இல்லை என்கிறோம். என் அறையில் கதவைச் சாத்திய பிறகு சிலர் வேறு கதை சொல்கிறார்கள். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

விட முடியவில்லை என்கிறீர்கள். என் பெரியவாப்பா ரமலானில் ஒரு நாளைக்கு பதிமூன்று, பதினாலு மணி நேரம் பீடியைத் தொடாமல் இருந்தார், முப்பது நாளும். நீங்களும் இருக்கிறீர்கள். மஃரிபுக்குப் பிறகு பற்ற வைக்கிற அந்த முதல் பீடியை விட்டுவிட்டால் போதும். உதவி வேண்டுமானால் அரசின் இலவசத் தொலைபேசி 1800 11 2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. நோய் வந்த பிறகும் விடுவது பலன் தரும். சிகிச்சை நன்றாகப் பிடிக்கும், புண் சீக்கிரம் ஆறும், இன்னொரு புற்று வரும் வாய்ப்புக் குறையும்.

செலவு? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கினால் பார்த்துவிடுவார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை எடுக்காதவர்கள் இந்த வாரமே எடுங்கள். நோய் வந்த பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு அலைவதில் நாள் போய்விடும். சென்னை அடையாறில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறக்கட்டளைக்கு ஒரு யோசனை. பெரிய ஆபரேஷனுக்குப் பணம் திரட்டுவது நல்ல காரியம். அதற்கு முன்னால், முதல் பரிசோதனைக்குப் போகிறவருக்குப் பஸ் காசும், கூலிக்காரர் என்றால் அன்றைய கூலியும், கூடப் போக ஒரு ஆளும் ஏற்பாடு செய்தால், பல பெரிய ஆபரேஷன்கள் தேவைப்படாமலே போகும்.

நிறைவாக ஒன்று. நம் குரலில் உள்ள மாற்றம் நமக்கே சீக்கிரம் தெரியாது. தினமும் கேட்பதால் பழகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். மோதினாருக்குப் பக்கத்தில் ஒரு ஆசிரியர் இருந்தார், கேட்டார், கூட வந்தார். என் பெரியவாப்பாவுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன், கேட்டேன், சும்மா இருந்துவிட்டேன். இன்று வீட்டுக்குப் போய் உங்கள் வாப்பாவின் குரலை, உங்கள் கணவரின் குரலை, வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் மகனின் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். கம்மியிருந்தால் எத்தனை நாளாக என்று கேளுங்கள். மூன்று வாரம் தாண்டியிருந்தால் தனியே போகச் சொல்லாதீர்கள், கூடப் போங்கள். வெளிநாட்டில் இருப்பவரை லீவு வரை காத்திருக்க விடாதீர்கள், அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

நோயில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவன் தந்த குரலைக் கொண்டு கடைசி மூச்சு வரை அவனைத் துதிக்கும் பாக்கியத்தை நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.